பத்து விரலும் 1024 அறைகளும்

ராஜ்யதர் கோனாய் கையெழுத்துப் போடத் தெரிந்தவர். 1858 ஜூலையில், வங்காளத்தில் பாகீரதி ஆற்றங்கரையில் இருக்கும் ஜங்கிப்பூரில், சாலை போடச் சரளை கொண்டுவந்து தருவதாக ஒப்பந்தம் பேசி, கையெழுத்துப் போடப் போனார். எதிரே இருந்த அதிகாரி வில்லியம் ஹெர்ஷல் அவரைத் தடுத்தார். அரசு முத்திரைக்கு வைத்திருந்த எண்ணெய் மையைக் கோனாயின் உள்ளங்கையிலும் விரல்களிலும் பூசி, ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் அழுத்திப் பதியவைத்தார். பிறகு தன் கையையும் இன்னொரு தாளில் பதித்தார். இருவரும் இரண்டு பதிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கைரேகை ஜோசியம் பேசிச் சிரித்தார்களாம்.

ஹெர்ஷலுக்கு அப்போது 25 வயது. யுரேனஸ் கோளைக் கண்டுபிடித்த வானியலாளரின் பேரன். என்றாலும் அன்று அவர் செய்ததில் விஞ்ஞானம் எதுவும் இல்லை. நாளைக்கு இந்த ஆள் 'இது என் கையெழுத்தே இல்லை' என்று சொல்லிவிடக்கூடாது, அதற்கு ஒரு பயம் காட்ட வேண்டும். அவ்வளவுதான் நோக்கம். அதை அவரே பின்னாளில் எழுதிவைத்தார்.

பயம் காட்ட ஆரம்பித்தது மெல்ல மெல்ல ஆராய்ச்சியானது. தன் விரல், நண்பர்களின் விரல் என்று ஆண்டுக்கணக்கில் பதிவுகளைச் சேர்த்து ஒப்பிட்டுப் பார்த்தார். ரேகை மாறவே இல்லை. 1877இல் ஹூக்ளி மாவட்ட மாஜிஸ்திரேட்டாக இருந்தபோது மூன்று இடங்களில் விரல்பதிவைக் கொண்டுவந்தார்: ஓய்வூதியம், பத்திரப்பதிவு, சிறை. ஓய்வூதியக்காரர் இறந்த பிறகும் அவர் பெயரில் வேறு யாரோ வந்து பணம் வாங்கிப்போவது அங்கே நடந்துகொண்டிருந்தது. பணம் வாங்கும்போது விரலை வை, போன தடவை வைத்ததோடு ஒத்துப்போகிறதா பார்க்கிறேன் என்றதும் அந்த வழி அடைபட்டது. இதை மாகாணம் முழுக்கச் செய்யலாம் என்று மேலிடத்துக்குக் கடிதம் எழுதினார். மேலிடம் கண்டுகொள்ளவில்லை.

ஹெர்ஷல் கேட்ட கேள்வியைக் கவனியுங்கள். 'நீ இன்னார் என்கிறாய், உண்மையில் அவர்தானா?' இதற்கு விடை சொல்ல இரண்டு பதிவுகள் போதும். ஒன்று பழையது, ஒன்று இப்போது வைத்தது. ஒரு கட்டைவிரல் போதும். இந்த அத்தியாயம் முழுக்க நாம் பார்க்கப்போவது, அந்தக் கேள்வி எப்படி 'நீ யார்?' என்ற வேறொரு கேள்வியாக மாறியது என்பதைத்தான். கேட்பதற்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். கண்காணிப்பு என்று நாம் அஞ்சுவதில் பெரும்பகுதி இரண்டாவது கேள்விக்குள் இருக்கிறது.

முதலில் ரேகையைப் பற்றிக் கொஞ்சம். கருவில் மூன்று மாதம் ஆகும் வாக்கில் விரல்நுனித் தோலில் மேடுகள் எழத் தொடங்குகின்றன. ஆறாம் மாதத்துக்குள் அமைப்பு நிலைத்துவிடுகிறது. 2023இல் எடின்பரோ ஆய்வாளர்கள் இதன் கதையைத் தெளிவாக்கினார்கள். ஒரு வேதிச் சமிக்ஞை மேட்டை எழுப்பப் பார்க்கிறது, இன்னொன்று அதை அடக்கப் பார்க்கிறது. இந்த இழுபறியில் வரிவரியாக மேடும் பள்ளமும் உண்டாகின்றன. வரிக்குதிரையின் வரிகளுக்கு இப்படியொரு விளக்கத்தைக் கணிதத்தில் தந்தவர் ஆலன் டூரிங். அவருடைய அந்தக் கட்டுரை 1952இல் வந்தது. விரலில் வரிகள் மூன்று இடத்திலிருந்து அலைபோலப் பரவுகின்றன: நுனியின் நடு, நகத்தின் அடி, மூட்டுமடிப்பு. எந்த அலை முதலில் கிளம்பியது, எங்கே முட்டிக்கொண்டன என்பதைப் பொறுத்துச் சுழியோ வளையமோ வில்லோ அமைகிறது. நம் பாட்டிமார் குழந்தையின் விரலைப் பிடித்துச் சங்கா சக்கரமா என்று எண்ணிப் பார்ப்பார்களே, அந்தச் சக்கரம்தான் சுழி. மரபணு அகலமான கோடுகளைப் போடுகிறது. நுணுக்கமான கிளை பிரிதலும் முற்றுப்பெறுதலும் தற்செயலால் ஆனவை. ஆகவே ஒரே கருவில் பிறந்த இரட்டையருக்கும் ரேகை வேறு.

இங்கிலாந்தில் பிரான்சிஸ் கால்டன் 1892இல் கைரேகையைப் பற்றி ஒரு நூலே எழுதினார். ஹெர்ஷல் கொடுத்த பழைய பதிவுகள் அவருக்குப் பெரிய மூலதனம். இனத்துக்கு இனம் ரேகை வேறுபடும், அறிவையும் குணத்தையும் ரேகையில் படிக்கலாம் என்ற ஆசை அவருக்கு இருந்தது. அப்படி எதுவும் அகப்படவில்லை என்று ஒப்புக்கொண்டார். இனமேம்பாட்டுக் கொள்கைக்குப் பெயர் வைத்தவர் அவர். அவரிடம் கிடைத்த உருப்படியான சரக்கு, அவர் தேடாத சரக்கு.

கால்டனிடம் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. ஆயிரக்கணக்கான பதிவுச் சீட்டுகளில் ஒன்றைத் தேடி எடுப்பது எப்படி? பெயர் சொன்னால் அகரவரிசையில் எடுக்கலாம். பிடிபட்டவன் பொய்ப்பெயர் சொன்னால்? அப்போது போலீஸ் உலகில் செல்வாக்கோடு இருந்தது பாரிஸ்காரர் பெர்த்தியோனின் முறை. தலையின் நீளம், அகலம், நடுவிரல், முழங்கை என்று உடம்பை அளந்து குறித்து வைப்பது. அளப்பவர் மாறினால் அளவும் மாறும் என்பது அதன் தீராத நோய்.

ஓட்டையை அடைத்தது கல்கத்தாவில் இரண்டு பேர். வங்காளப் போலீஸ் தலைவர் எட்வர்ட் ஹென்றியிடம் வேலை பார்த்த அஜிஸுல் ஹக், ஹேம் சந்திர போஸ். பத்து விரலையும் ஒரு பின்ன எண்ணாக மாற்றிக் காட்டினார்கள். வலது கட்டைவிரல் 1, சுட்டுவிரல் 2 என்று தொடங்கி, இடது கட்டைவிரல் 6, இடது சுண்டுவிரல் 10 வரை எண். விரல்களை இரண்டிரண்டாகச் சேர்த்து முதல் ஜோடிக்கு 16, அடுத்ததற்கு 8, பிறகு 4, 2, 1 என மதிப்பு. விரலில் சுழி இருந்தால்தான் மதிப்பு உண்டு, இல்லையென்றால் பூஜ்யம். இரட்டைப்படை விரல்களின் கூட்டல் மேலே, ஒற்றைப்படை விரல்களின் கூட்டல் கீழே. பூஜ்யத்துக்குப் பூஜ்யம் வந்து நிற்காமலிருக்க இரண்டிலும் ஒன்று கூட்டிக்கொள்ள வேண்டும்.

ஒருவருக்கு வலது கட்டைவிரல், வலது சுட்டுவிரல், இடது கட்டைவிரல் மூன்றில் மட்டும் சுழி என்று வைத்துக்கொள்வோம். மேலே 2ஆம் விரலுக்கு 16, 6ஆம் விரலுக்கு 4, கூட 1, ஆக 21. கீழே 1ஆம் விரலுக்கு 16, கூட 1, ஆக 17. அவருடைய சீட்டு 21/17 என்ற அறைக்குப் போகும். மேலே 32 விதம், கீழே 32 விதம்; பெருக்கினால் 1024. முப்பத்திரண்டு வரிசை, வரிசைக்கு முப்பத்திரண்டு அறை என்று ஒரு மர அலமாரி செய்தால் வேலை முடிந்தது. பெயரே சொல்லாத ஆளின் பத்து விரலைப் பதிய வைத்துவிட்டு, கணக்குப் போட்டு, நேரே அந்த அறைக்கு நடந்துபோகலாம். இன்று கணினி நிரலாளர்கள் இருமக் குறியீடு என்றும் ஹாஷ் அட்டவணை என்றும் சொல்வதன் மரவடிவம் இது. பெயர் என்னவோ 'ஹென்றி முறை' என்றே நிலைத்தது. 1897இல் கல்கத்தாவில் கைரேகைக் கூடம் திறந்தது. 1901இல் ஹென்றி லண்டன் ஸ்காட்லாந்து யார்டுக்குப் போனபோது முறையும் கூடவே போனது. காலனியில் பழகிப் பார்த்துவிட்டுத் தலைநகருக்குக் கொண்டுபோன தொழில்நுட்பங்களில் இதுவும் ஒன்று.

அலமாரியின் வலிமையை ஜல்பாய்குரி வழக்கு காட்டியது. தேயிலைத் தோட்ட மேலாளர் ஒருவர் கொல்லப்பட்டுக் கிடந்தார். அவருடைய பெட்டியிலிருந்த ஒரு வங்காளிப் பஞ்சாங்கத்தின் அட்டையில் மங்கலான பழுப்புக்கறை. அது ரத்தம் தோய்ந்த விரல். கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள். முன்பு திருட்டுக்குத் தண்டனை பெற்ற, அவரிடமே வேலை பார்த்த ஒருவரின் வலது கட்டைவிரலோடு அது ஒத்துப்போனது. 1898இல் நீதிமன்றம் திருட்டுக்குத் தண்டித்தது. கொலையை நேரில் பார்த்த சாட்சி இல்லையென்று அந்தக் குற்றத்திலிருந்து விடுவித்தது. ரேகை 'இந்த ஆள் பஞ்சாங்கத்தைத் தொட்டான்' என்று மட்டுமே சொல்கிறது, அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை என்று அந்த நீதிபதி புரிந்துவைத்திருந்தார். பின்னாளில் வந்த பலருக்கு அந்த நிதானம் இல்லை.

இனி தென்னாப்பிரிக்காவுக்குப் போவோம். டிரான்ஸ்வாலில் இருந்த இந்தியர்கள், அங்கே பிரிட்டிஷ் ஆளுநராக இருந்த மில்னர் பிரபு கேட்டுக்கொண்டபோது, பதிவுச்சீட்டில் கட்டைவிரல் ரேகை வைக்க ஒத்துக்கொண்டிருந்தார்கள். 1906இல் வந்த ஆசியர் பதிவுச் சட்ட வரைவோ பத்து விரலையும் கேட்டது. தெருவில் எந்தப் போலீஸ்காரர் கேட்டாலும் சீட்டைக் காட்ட வேண்டும். காந்தி, ஹென்றி கைரேகை பற்றி எழுதிய நூலையே படித்திருக்கிறார். சட்டப்படி விரல்ரேகை கட்டாயமாக எடுக்கப்படுவது குற்றவாளிகளிடம் மட்டும்தான் என்று அதிலிருந்து தெரிந்துகொண்டதாக எழுதுகிறார். கட்டைவிரல் வைத்தவன் சீட்டுக்குச் சொந்தக்காரன். பத்து விரல் வைத்தவன் அலமாரிக்குப் போகவேண்டியவன். இந்த வித்தியாசத்தைத் தொழில்நுட்பம் தெரிந்தவர்களைவிடத் தெளிவாக அந்தக் கடைக்காரர்களும் தள்ளுவண்டி வியாபாரிகளும் உணர்ந்திருந்தார்கள். அவர்களில் தமிழர்கள் ஏராளம். 1908 பிப்ரவரியில், மனமுவந்து பதிவு செய்துகொள்வோம் என்ற உடன்பாட்டின்படி காந்தி புறப்பட்டுப் போனபோது அந்த உடன்பாட்டை ஏற்காத மீர் ஆலம் என்பவர் வழியில் அவரைத் தாக்கினார். பக்கத்தில் நின்று அடியை வாங்கிக்கொண்டவர் அவருடைய தோழர் தம்பி நாயுடு. அரசு வாக்குத் தவறியதும், அதே ஆண்டு ஆகஸ்டில் ஜொகன்னஸ்பர்க்கில் பதிவுச்சீட்டுகள் குவியலாக எரிக்கப்பட்டன.

நம் மண்ணில் இதைவிடக் கசப்பான கதை நடந்தது. 1871இல் வடக்கே வந்த குற்றப்பரம்பரைச் சட்டம் 1911 திருத்தத்தில் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. மதுரை மாவட்ட மக்கள் அதைக் கைரேகைச் சட்டம் என்றே அழைத்தார்கள். ஒரு சாதியில் பிறந்த ஆண் என்பதற்காகவே ரேகை வைக்க வேண்டும், இரவில் காவல் நிலையத்தில் போய்ப் படுக்க வேண்டும், வெளியூர் போக ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூரில் பிரமலைக் கள்ளர்கள் ரேகை வைக்க முடியாது என்று நின்றார்கள். 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்படப் பத்துக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். பாதிக்கப்பட்டவர்களுக்காக வாதாடிய மதுரை பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப்பை மக்கள் 'ரோசாப்பூ துரை' என்று கொண்டாடினார்கள். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் 1947இல்தான் போனது.

ஜல்பாய்குரி வழக்கில் அலமாரியில் இருந்தது ஏதோ செய்து தண்டனை பெற்றவரின் விரல். பெருங்காமநல்லூரில் அலமாரிக்குக் கேட்கப்பட்டது இன்னும் எதுவும் செய்யாதவர்களின் விரல். தேடும் கருவி ஒன்றுதான். யாரை உள்ளே போடுவது என்ற முடிவு மட்டும் மாறியிருக்கிறது. அந்த முடிவு மைப்பட்டையிலும் இல்லை, கணக்கிலும் இல்லை. அரசு அலுவலகத்தில் எடுக்கப்பட்டது.

கணினி வந்ததும் மர அறைகள் போய்விட்டன. ஆனால் இரண்டு கேள்விகளும் அப்படியே இருக்கின்றன. உங்கள் கைபேசி விரலைக் கேட்பது முதல் கேள்வி. ரேகையின் கிளைப்புள்ளிகளையும் முடிவுப்புள்ளிகளையும் எண்களாக்கித் தன்னுள்ளேயே பூட்டி வைத்துக்கொண்டு, ஒன்றோடு ஒன்றை ஒப்பிட்டுப் பார்க்கிறது. வெளியே எந்த அலமாரிக்கும் அனுப்புவதில்லை. நல்ல வடிவமைப்பு.

இரண்டாவது கேள்வியின் சிக்கல் கணக்கில் இருக்கிறது. ஒரு கருவி பத்து லட்சம் ஒப்பீட்டுக்கு ஒரு தடவைதான் தவறாக 'ஆமாம்' சொல்லும் என்று வைத்துக்கொள்வோம். ஒருவரை ஒருவரோடு ஒப்பிடும் இடத்தில் இது பிரமாதம். அதே கருவியைக் கொண்டு ஒரு கோடிப் பேர் இருக்கும் அலமாரியில் தேடினால், ஒவ்வொரு தேடலுக்கும் சம்பந்தமில்லாத பத்துப் பேர் வந்து நிற்பார்கள். கருவி கெட்டுப்போகவில்லை, அலமாரி பெரிதாகிவிட்டது. ஆதாரில் 130 கோடிக்கு மேல் பதிவுகள். புதிதாக ஒருவர் வந்தால், ஏற்கெனவே உள்ளே இருக்கிறாரா என்று அத்தனையிலும் தேட வேண்டும். ஒரு கட்டைவிரல் அதற்குக் காணாது. பத்து விரலும் இரண்டு கருவிழியும் கேட்கிறார்கள். டிரான்ஸ்வாலில் பத்து விரல் கேட்டதற்கும் காரணம் இதுவே.

2004இல் மாட்ரிட் ரயில் குண்டுவெடிப்பில் கிடைத்த ஒரு ரேகையை அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. தன் பேரலமாரியில் தேடியது. ஆரிகன் மாநில வழக்கறிஞர் ஒருவரின் விரல் கிட்டத்தட்ட ஒத்துப்போனது. நிபுணர்கள் ஒருவர் பின் ஒருவராக உறுதி செய்தார்கள். அவரைப் பிடித்து இரண்டு வாரம் உள்ளே வைத்தார்கள். ஸ்பெயின் போலீஸ் அது வேறொருவருடையது என்று கண்டுபிடித்த பிறகுதான் எஃப்.பி.ஐ. மன்னிப்புக் கேட்டது. கோடிக்கணக்கான விரல்களில் தேடினால் ஏறக்குறைய அதேபோன்ற ஒன்று எங்காவது அகப்படும் என்பது நிபுணர்களுக்குத் தெரியாததல்ல. முன்னால் வந்து நிற்கும் பொருத்தம் கண்ணை மறைத்துவிடுகிறது.

தவறு எதிர்த்திசையிலும் வரும். ரேஷன் கடை வரிசையை நினைத்துப் பாருங்கள். "கையை நல்லா தொடைச்சிட்டு வைங்கம்மா." வைக்கிறார். சிவப்பு விளக்கு. "அந்த விரலு வேணாம், நடுவிரலை வைங்க." மறுபடி சிவப்பு. "கொஞ்சம் எண்ணெய் தடவிட்டு வாங்க, அதுக்குள்ள அடுத்த ஆளைப் பார்க்கிறேன்." செங்கல் சூளையிலும் சுண்ணாம்பிலும் பாத்திரம் தேய்ப்பதிலும் கழிந்த விரல்களில் மேடு தேய்ந்துபோகிறது. வயதானால் தோல் உலர்ந்து தளர்கிறது. தவறான 'ஆமாம்' குறைய வேண்டுமென்று கருவியைக் கறாராக்கினால் தவறான 'இல்லை' கூடும். இரண்டையும் ஒருசேரக் குறைக்க, மேலான கருவியோ கூடுதல் அடையாளமோ வேண்டும். அதனால்தான் கருவிழிக் கருவியும் கைபேசிக் கடவெண்ணும் பின்னால் வந்தன. பிறவியிலேயே ரேகை இல்லாதவர்களும் உலகத்தில் சில குடும்பங்களில் உண்டு. அதற்குக் காரணமான மரபணுவை 2011இல் கண்டுபிடித்தார்கள். விமான நிலையத்தில் அவர்கள் படும் பாட்டைப் பார்த்துவிட்டு மருத்துவர்கள் அதற்குக் 'குடியேற்றத் தாமத நோய்' என்று பெயர் வைத்தார்கள்.

ஹெர்ஷல் கொண்டுவந்த பத்திரப்பதிவு ரேகைக்கு 2018இல் ஒரு விசித்திரமான வாழ்வு கிடைத்தது. தெலங்கானாவில் நிலப்பத்திரங்கள் இணையத்தில் பார்க்கக் கிடைத்தன, ரேகையோடு. ஒருவர் அவற்றை இறக்கி, ரப்பர் ஸ்டாம்ப் செய்யும் இயந்திரத்தில் ஆயிரக்கணக்கான போலி விரல்களை வார்த்து, சிம் அட்டைகளை உயிர்ப்பிக்கப் பயன்படுத்திப் பிடிபட்டார். மோசடியைத் தடுக்க வைத்த ரேகை மோசடிக்கு அச்சாகிவிட்டது. கடவுச்சொல் திருடுபோனால் மாற்றிக்கொள்ளலாம். கட்டைவிரலை மாற்ற எந்த அலுவலகத்தில் மனுக் கொடுப்பது?

விரலுக்காவது நாம் கையை நீட்ட வேண்டும். முகத்துக்கு அதுவும் வேண்டாம். கேமரா படத்திலிருந்து முகத்தைச் சில நூறு எண்களின் வரிசையாக மாற்றுகிறது நிரல். இரண்டு வரிசைகளுக்கு இடையே உள்ள தூரம் ஒரு வரம்புக்குள் இருந்தால் ஒரே ஆள் என்று சொல்லும். வரம்பை எங்கே வைப்பது என்பது மனிதர் முடிவு. அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனம் 2019இல் ஏராளமான நிரல்களைச் சோதித்தபோது, பலவற்றில் ஆப்பிரிக்க, ஆசிய முகங்களுக்குத் தவறான 'ஆமாம்' வெள்ளையரைவிடப் பத்து முதல் நூறு மடங்கு வரை அதிகமாக இருந்தது. அடுத்த ஆண்டு டெட்ராய்ட்டில் கடைத்திருட்டுக் காட்சி ஒன்றை நிரலில் போட்டுத் தேடி, ஒரு கறுப்பினத்தவரை மனைவி மக்கள் கண்ணெதிரே கைவிலங்கிட்டு அழைத்துப்போனார்கள். அந்தப் படத்தில் இருந்தவர் அவரில்லை. ஆனால் நிரல் திருந்தி, தவறே செய்யாமல் போனால் மட்டும் நிம்மதி வந்துவிடுமா என்பது எனக்குச் சந்தேகம். தவறே செய்யாத கேமரா, ஊர்வலத்தில் போகிற ஒவ்வொருவரின் பெயரையும் சரியாகச் சொல்லும்.

சட்டம் இதன் பின்னால் மூச்சிரைக்க ஓடிவந்துகொண்டிருக்கிறது. கொள்ளை வழக்கில் சாட்சியம் இல்லையென்று விடுவிக்கப்பட்ட கரக் சிங்கின் வீட்டுக் கதவை உத்தரப் பிரதேசப் போலீஸ் இரவுகளில் தட்டியது. 1962இல் உச்ச நீதிமன்றம் தட்டக் கூடாது என்றது, ஆனால் அந்தரங்கம் என்று ஓர் உரிமை அரசியல் சட்டத்தில் இல்லை என்றும் சொன்னது. 1994இல், மரண தண்டனைக் கைதி ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை நக்கீரன் இதழ் வெளியிடுவது பற்றிய வழக்கில், தனித்து விடப்படும் உரிமை உண்டு என்றது. 2017இல் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக, புட்டசாமி வழக்கில், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். அடுத்த ஆண்டு ஆதார் வழக்கில் ஐந்து நீதிபதிகளில் நால்வர் அதை ஏற்றார்கள், தனியார் நிறுவனங்கள் அதைக் கட்டாயமாகக் கேட்பதை மறுத்தார்கள். 2022இல் வந்த குற்றவியல் நடைமுறை அடையாளச் சட்டம் ரேகையோடு கருவிழி, உடல் மாதிரிகளையும் சேர்த்து, பதிவுகளை 75 ஆண்டு வைத்திருக்கச் சொல்கிறது. அதற்கு முன் நடப்பில் இருந்தது 1920ஆம் ஆண்டுச் சட்டம். பெருங்காமநல்லூரில் சுட்ட அதே ஆண்டு.

இதுவரை பார்த்த எல்லா அலமாரிகளிலும் ஒரு ஆறுதல் இருந்தது: நம்மைப் பிடிக்க வேண்டுமென்றால் நம் சீட்டு உள்ளே இருக்க வேண்டும். டி.என்.ஏ. அந்த ஆறுதலையும் எடுத்துவிட்டது. 2018 ஏப்ரலில் கலிபோர்னியாப் போலீஸ் நாற்பது ஆண்டுப் பழைய தொடர்கொலை வழக்கில் ஒரு முன்னாள் போலீஸ்காரரைப் பிடித்தது. அவருடைய மரபணு எந்த அலமாரியிலும் இல்லை. வம்சம் தேடும் ஆர்வத்தில் தங்கள் மரபணுவை ஒரு பொதுத் தளத்தில் பதிந்துவைத்த தூரத்துச் சொந்தங்கள் வழியாகக் குடும்ப மரம் வரைந்து அவரிடம் வந்து சேர்ந்தார்கள். மக்கள்தொகையில் நூற்றுக்கு இரண்டு பேர் பதிந்திருந்தாலே கிட்டத்தட்ட எல்லோருக்கும் ஒரு தூரத்துச் சொந்தம் அதில் அகப்பட்டுவிடும் என்று அதே ஆண்டு ஓர் ஆய்வு கணக்கிட்டது. அது அமெரிக்கக் கணக்கு. மாமன் மகளையும் அத்தை மகனையும் தலைமுறை தலைமுறையாகக் கட்டிக்கொள்ளும் குடும்பங்களில் சொந்தங்களுக்குள் மரபணுப் பங்கு இன்னும் அதிகம். அங்கே ஒருவர் எச்சில் மாதிரி கொடுத்தால் எத்தனை பேர் உள்ளே போகிறார்கள் என்பதை அடுத்த அத்தியாயத்தில் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.